கண்புரை அறுவைக்குப் பின் வரும் அரிய அழுத்த நோய்

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் உள்ள நம் பெரியவர்களில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் பலர். காலையில் சென்று அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். "கண் விஷயம் முடிந்தது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பெரும்பாலோருக்கு அது சரியே. ஆயினும் மிகச் சிலருக்குச் சில நாட்களிலோ மாதங்கள் கழித்தோ ஓர் அரிய அழுத்த நோய் வரக்கூடும். காலத்தில் கண்டறியாவிட்டால் பார்வையே போய்விடும்.

இதற்கு மாலிக்னன்ட் கிளாக்கோமா என்று பெயர். புற்றுநோயோ என அஞ்ச வேண்டாம். வழக்கமான சிகிச்சைக்கு அடங்காததால், 1869-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் கிரேஃபே இப்பெயரிட்டார்.

நம் கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாது சுரக்கிறது. அது கண்மணியின் துளை வழியே முன்னறைக்கு வந்து, ஓரத்து வடிகால் வழியே வெளியேறும். இந்நோயில் நீர் வழிமாறிப் பின்பக்கம் தேங்குகிறது. அது லென்ஸையும் ஐரிஸ் திரையையும் முன்னே தள்ள, முன்னறை சுருங்கி வடிகால் அடைபடுகிறது. அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெடுகிறது.

சிறிய கண் உடையோருக்கும், வடிகால் கோணம் குறுகியோருக்கும் இந்த ஆபத்து கூடுதல். கோணம் அடைபட்டுத் திடீரென வரும் அழுத்த நோய் சிங்கப்பூரில் அதிகம் என்பதை 1997-ல் வெளியான நாடளாவிய ஆய்வு காட்டியது. சீனரிடம் மிகுதி எனினும் நம்மவரும் விலக்கல்லர்.

அறிகுறிகள் யாவை? கண்வலி, சிவப்பு, தலைவலி, பார்வை மங்கல். இன்னொன்று ஏமாற்றக்கூடியது. தூரப் பார்வைக்கென லென்ஸ் பொருத்தியவருக்குப் பேருந்து எண் மங்கும். ஆனால் செய்தித்தாளின் எழுத்து கண்ணாடியில்லாமலே தெரியத் தொடங்கும். "கண் தேறிவிட்டது" என்று மகிழ்வோம். உண்மையில் லென்ஸ் முன்னே நகர்ந்திருக்கலாம்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்? முன்னறையின் ஆழத்தையும் அழுத்தத்தையும் பார்ப்பார். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பான அழுத்தம். முன்னறை சுருங்கி அழுத்தமும் குறைந்திருந்தால், அறுவைக் காயம் கசிகிறதா என்று சோதிப்பார். அழுத்தம் ஏறியிருந்தால், கண்மணித் துளை அடைபட்டதா என அறிய லேசரால் ஐரிஸில் சிறு துளையிடுவார். அல்ட்ராசவுண்ட் மூலம், பின்னால் இரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்வார். துளையிட்ட பின்னும் முன்னறை நடுவிலும் ஓரத்திலும் சுருங்கியே இருந்தால், நோய் இதுவே.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கிளாக்கோமாவுக்குப் பயன்படும் பைலோகார்பின் சொட்டு, இந்நோயை மோசமாக்கும். இதற்கு வேண்டியது கண்மணியை விரிக்கும் அட்ரோபின். அதற்கும் அடங்காவிட்டால் லேசரோ மறு அறுவையோ செய்வார்கள். ஆகவே, வீட்டிலுள்ள பழைய சொட்டு மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள்.

அறுவை செய்த கண்ணில் மாற்றம் தெரிந்தால், அடுத்த தவணைவரை காத்திராமல் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். இரவில் வலி கடுமையானால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடாதென்று வலியை மறைப்பதுண்டு. பிள்ளைகளே, நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.