பல் நடுமுன் எலும்பைக் கேளுங்கள்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லே முதல். ஆனால், பல்லோடு தாடை எலும்பும் போய்விடும் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. நாமும் அறியாமல்தான் இருந்தோம்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய பின், கடையை விட்டு நகர நேரமில்லை என்று ஐந்து வருஷம் ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளினோம். பிறகு இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளப் பல் வைத்தியரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தவர், “பல் நட இடம் இருக்கிறது, தாங்க எலும்பு போதாது. முதலில் எலும்பு ஒட்டவேண்டும்” என்றார். அதில் நாம் கற்றதைச் சகோதரர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எலும்பு ஏன் குறைகிறது?

இம்பிளாண்ட் என்பது டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகாணி. அதைத் தாடை எலும்பில் பதித்து, மேலே பல்லைப் பொருத்துவார்கள். டைட்டானியத்தோடு எலும்பு இறுகச் சேரும் என்பதை ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனெமார்க் 1952-ல் முயல்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் தற்செயலாகக் கண்டார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பதித்தார். ஆகவே திருகாணியை நிறுத்துவது எலும்புதான்.

பல் உள்ளவரை, மெல்லும் அழுத்தம் வேர் வழியே எலும்புக்குப் போய் அதைக் காக்கிறது. பல் போனால் எலும்பு கரையத் தொடங்கும். ஒரு வருஷத்துக்குள் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறையக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் போய்விடும். பல் பிடுங்கும்போதே அந்தக் குழியில் எலும்புத் தூளை நிரப்பினால் இந்த நஷ்டம் பெருமளவு குறையும். இது நமக்கு முன்பே தெரியவில்லை.

எந்த எலும்பு?

ஒட்டும் எலும்பு நான்கு வகை:

1. நம் தாடையிலோ இடுப்பிலோ எடுக்கும் சொந்த எலும்பு. இதற்கு இன்னோர் இடத்திலும் காயம் உண்டு.

2. இறந்தவர் தானம் செய்து, பதப்படுத்திய மனித எலும்பு.

3. மாடு, பன்றி முதலிய பிராணிகளின் எலும்பு.

4. கால்சியம் பாஸ்பேட் போன்றவற்றால் செய்த செயற்கைப் பொருள்.

அரிசி மூட்டை வந்தால் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்காமல் இறக்குவோமா? ஆனால் நம் தாடைக்குள் போகும் சரக்கை மட்டும் பாதிதான் கேட்டோம். “மாட்டெலும்பு” என்று வைத்தியர் சொன்னதும் திருப்தியாகக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தோம். உடன் வந்த மகள்தான், “அத்தா, அதன்மேல் போட்டு மூடுவது எது என்று கேளுங்கள்” என்றாள். எலும்புத் தூள் கலையாதிருக்க, மேலே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்து மூடுவார்களாம். அவர்கள் வைத்திருந்தது பன்றியிலிருந்து எடுத்தது! வைத்தியர் மறைக்கவில்லை, நாம் கேட்கவில்லை. சொன்னவுடன் மாட்டுச் சவ்வை வரவழைத்துத் தந்தார்.

மாட்டெலும்பிலும் அறுத்த முறை பற்றிக் கேள்வி எழலாம். இங்கே மலேசியாவில், கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி மாட்டெலும்பைப் பதப்படுத்தி வந்திருக்கிறது. அது கிடைக்குமா என்று வைத்தியரைக் கேட்கலாம். செயற்கைப் பொருளும் உண்டு. மனித எலும்பு பற்றியோ வேறெதிலோ ஐயமிருந்தால் ஆலிம்களிடம் முன்னதாகவே கேட்டுத் தெளியுங்கள்.

பொறுமை வேண்டும்

ஒட்டிய எலும்பு உறைக்க நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குறை சிறிதானால் எலும்பையும் இம்பிளாண்டையும் ஒரே நாளில் வைப்பதுண்டு. புகைப்பதும், கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியும் ஒட்டைக் கெடுக்கும். இரத்தம் உறையாதிருக்கவும் எலும்புத் தேய்வுக்கும் மருந்து சாப்பிடுவோர் அதை அவசியம் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகள்: எலும்பு எதனுடையது? சவ்வு எதனுடையது? எத்தனை மாதம்? மொத்தம் எவ்வளவு வெள்ளி? கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பல் பிடுங்கப் போகிறவர் அன்றைக்கே கேட்பது இன்னும் நல்லது.