வியர்வையில் படிப்பு கரையாது

பிப்ரவரி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் இந்தப் பேச்சும் பிறந்துவிடும். "வேர்க்க வேர்க்க ஆடிட்டு வந்தா படிச்சதெல்லாம் வேர்வையிலேயே போயிரும்லா." டீக்கடையில் கேட்கிறேன், பள்ளி வாசலில் கேட்கிறேன், அறிவியல் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் வாயிலும் கேட்கிறேன். பிளஸ் டூ பிள்ளையின் ஹாக்கி மட்டை பரணுக்குப் போகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். தருவை மைதானத்தில் மாலைக் கூட்டம் பாதியாகக் குறைகிறது. உடலியங்கியல் கற்பிப்பவன் நான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். படித்தது தங்கும் இடம் மூளை. அதிலும் புதிய நினைவுகளைப் பதிய வைப்பதில் பெரும்பங்கு ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதிக்கு. உடற்பயிற்சி அந்தப் பகுதியை என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் 120 முதியவர்களை ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. சுருங்கும் வயதில் வளர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

"என் பிள்ளைக்குப் பதினேழு வயசு, கிழவர் கதை எதுக்கு?" என்பீர்கள். சரி, இளைஞர்களுக்கு வருவோம். 2007இல் ஜெர்மனியில் இளம் ஆண்களை மூன்று நிமிட வேக ஓட்டம் இரண்டு முறை ஓடவிட்டு, பிறகு புதுச் சொற்களைக் கற்கவைத்தார்கள். மெதுவாக ஓடியபின்னும் சும்மா இருந்தபின்னும் கற்றதைவிட, வேகமாக ஓடியபின் 20 விழுக்காடு விரைவாகக் கற்றார்கள். கடும் ஓட்டத்தில் டோபமைன், அட்ரினலின் போன்றவை உடலில் கூடுகின்றன. ஒன்றை மனத்தில் பதியவைக்க உதவுபவை அவை. உங்கள் வதந்தி எந்த வியர்வையைப் பழிக்கிறதோ, அந்த வியர்வை வரும் அளவு ஓடியவர்கள்தான் நன்றாகக் கற்றிருக்கிறார்கள்.

படித்த பிறகு ஆடினால்? அதற்கும் விடை இருக்கிறது. நெதர்லாந்தில் 72 பேர் 90 படங்களின் இடங்களை மனப்பாடம் செய்தார்கள். ஒரு குழு உடனே கடும் சைக்கிள் பயிற்சி செய்தது, ஒரு குழு நான்கு மணி நேரம் கழித்துச் செய்தது, மூன்றாவது குழு செய்யவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, நான்கு மணி நேரம் கழித்துச் செய்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். உடனே பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். யாருக்கும் எதுவும் அழிந்துபோகவில்லை. 2016இல் வந்த முடிவு இது. மதியம் ஒரு மணி வரை படித்துவிட்டு, கடல்காற்று வீசும் ஐந்து மணிக்குப் பந்தாடப் போகும் பிள்ளையைத் தடுக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

விவரம் தெரிந்த சிலர் 2014இல் டொராண்டோவில் நடந்த சுண்டெலி ஆய்வைக் காட்டி மடக்கப் பார்க்கிறார்கள். கூண்டில் மின்னதிர்ச்சி வாங்கிய சுண்டெலிகள் அதன்பின் வாரக்கணக்கில் சக்கரத்தில் ஓடியபோது, அந்தக் கூண்டைப் பற்றிய பயத்தை மறந்தன. உண்மைதான். ஆனால் இரண்டே ஆண்டில் வேறொரு குழு எலிகளை ஓடவிட்டுப் பார்த்தது. ஓடுவதற்கு முன் கற்ற இடத்தை அவை மறக்கவில்லை. மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளை ஒதுக்கிவிட்டு, சுண்டெலியின் பயத்தை வைத்துப் பிள்ளையின் வேதியியலைத் தீர்மானிப்பது என்ன நியாயம்?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆடிவிட்டு வந்த பையன் புத்தகத்தின் மேல் தூங்கி விழுகிறான், அம்மா பார்க்கிறாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஆடி, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்தால் தலை கனக்கத்தான் செய்யும். மூச்சிரைக்க ஓடும்போதே பாடத்தை மனத்தில் ஏற்றவும் முடியாது. அதற்குத் தண்ணீர் கொடுங்கள், அரை மணி நேரம் உட்காரவிடுங்கள், இரவில் தூங்கவிடுங்கள். படித்தது உறைவது தூக்கத்தில்தான். மட்டையைப் பிடுங்குவது இதற்கு வைத்தியம் இல்லை.

பரீட்சைப் பயத்தைத் தணிப்பதிலும் ஓட்டத்துக்குப் பங்குண்டு. ஜெர்மனியின் பான் நகரில் 25 ஆண் விளையாட்டு வீரர்களை அரை மணி நேரம் ஒருநாள் மென்மையாகவும் இன்னொரு நாள் கடுமையாகவும் ஓடவிட்டு, மூளையை ஸ்கேன் செய்தார்கள். மென்மையான ஓட்டத்துக்குப் பின் கவனத்தோடும் கட்டுப்பாட்டோடும் தொடர்புடைய வலையமைப்புகளில் இணைப்பு கூடியது. கடுமையான ஓட்டத்துக்குப் பின் உணர்ச்சியோடு தொடர்புடைய வலையமைப்பில் கூடியது. இரண்டிலும் மனநிலை மேம்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதையொட்டியே: படிக்க உட்காருமுன் முத்துநகர் கடற்கரையில் பேசிக்கொண்டே நடக்கிற நடை போதும். மனம் கனத்துக் கிடக்கும் மாலையில், நாலு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவுக்கு ஓடுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

'முத்துக்குளித்தவர்களைப் போல மூச்சடக்கினால் ஞாபகசக்தி கூடும்' என்று ஒன்று. முத்துச்சலாபம் 1961க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. குளித்தவர்கள் ஒரு நிமிடம் அளவுக்கு மூச்சடக்கியது வயிற்றுப்பாட்டுக்காக. அதனால் நினைவாற்றல் வளர்ந்ததற்குச் சான்று இல்லை. வேகவேகமாக மூச்சுவிட்டுப் பிறகு முங்கிப் போட்டி போடும் பையன்களை உடனே நிறுத்துங்கள். ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். உயிர் போகும்.

'ஜிம்முக்குப் போனால்தான் மூளைக்குப் பலன்' என்பதும் தவறு. 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இளைஞர்களுக்குப் பத்தே நிமிடம் மிக மென்மையான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றுபோலத் தெரியும் படங்களைப் பிரித்தறிந்து நினைவுகொள்ளும் திறன் கூடியது.

'உப்பளத்தில் வேலை செய்பவருக்கு, துறைமுகத்தில் மூட்டை சுமப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு?' இது கொஞ்சம் கொடுமையான நம்பிக்கை. கோபன்ஹேகனில் 4,721 ஆண்களை 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்ததில், கடும் உடலுழைப்புத் தொழில் செய்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட 55 விழுக்காடு அதிகமாக இருந்தது. தொழில்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் உழைப்பே உடற்பயிற்சி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்று காட்டிவிட்டது. ஓய்வின்றி, தன் விருப்பமின்றி, மணிக்கணக்கில் சுமப்பது வேறு. தன் வேகத்தில் ஓடி, களைத்ததும் நிற்பது வேறு. உப்பளத்தில் வேலை செய்யும் அக்காமார்களுக்கு நிழலும் இடைவேளையும் கேட்கிறவர்கள் அவர்களுடைய மூளைக்கும் சேர்த்தே கேட்கிறார்கள்.

இனி நான் பலமுறை கேட்டும் கிடைக்காத ஒன்று: பொதுத்தேர்வு வகுப்புப் பிள்ளைகளுக்கும் விளையாட்டு நேரம். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மாவட்டத்துக்கு இது புதிதா? கோவில்பட்டியில் ஹாக்கி தலைமுறைகளாக ஓடுகிறது, மட்டை பிடித்த பிள்ளைகள் இந்திய அணிவரை போயிருக்கிறார்கள். அப்படியிருந்தும் பொதுத்தேர்வு வகுப்பு என்றதும் விளையாட்டு காணாமல் போகிறது, பெண்பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பி.டி. பீரியடில் யார் பாடம் நடத்துகிறார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மைதானத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதா, பெண்பிள்ளைகள் உடை மாற்ற அறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.