குளிர்ந்த ஆற்றிலிருந்து கட்டடத்துக்குச் சூடு

கேள்வி: எங்கள் செஞ்சிப் பக்கத்தில் வெயிலுக்குத்தான் ஏ.சி. போடுகிறோம். குளிர்நாடுகளில் அதே மாதிரி இயந்திரத்தால் பெரிய அலுவலகங்களையே சூடாக்குகிறார்களாமே, இது எப்போது தொடங்கியது?
– வாசகர், சீயமங்கலம்

பதில்: யோசனை பழையது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டே கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-இலேயே எழுதிவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் எபன்சேயில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புநீர் காய்ச்ச இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தினார். நம் மரக்காணம் உப்பளங்களில் வெயில் செய்கிற வேலைக்கு அங்கே விறகு எரிக்க வேண்டியிருந்தது. அதை மிச்சம் பிடிக்கத்தான் அந்த முயற்சி. ஆனால் பெரிய கட்டடங்களுக்கு இது வந்து சேர 1930-கள் ஆகிவிட்டன. அவற்றில் பேர்பெற்றது சூரிச் நகர மன்றக் கட்டடம். 1937-38-இல் எஷர் வீஸ் நிறுவனம் அங்கே நிறுவிய இயந்திரம், பக்கத்தில் ஓடும் லிமாட் ஆற்றிலிருந்து வெப்பத்தை எடுத்தது. 2001 வரை உழைத்தது.

இடையில் எண்பது ஆண்டுகள் ஏன் வீணாயின? தகுந்த இயந்திரம் இல்லாததால் என்பார்கள். ஆனால் 1882-இலேயே நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த இறைச்சி கப்பலில் போனது. குளிரூட்டும் இயந்திரம் அப்போதே கைவசம் இருந்தது. நிலக்கரி மலிவாகக் கிடைத்ததால் எவருக்கும் இதன் தேவை தெரியவில்லை என்பதே என் முடிவு. சுவிட்சர்லாந்தில் நிலக்கரி இல்லை, அருவி மின்சாரம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி வரத்து குறைந்தபோது சூரிச்சில் இத்தகைய இயந்திரங்கள் இன்னும் சில வந்தன.

சில்லிட்ட ஆற்றில் வெப்பம் ஏது என்று கேட்கலாம். வெப்பம் அறவே இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி செல்சியஸில்தான். அதற்கு மேலே எல்லாவற்றிலும் வெப்பம் உண்டு. பம்புசெட் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கிணற்றிலிருந்து ஏற்றுகிறது, இதுவும் அப்படித்தான். அதனால்தான் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் கிடைக்கிறது. வெளியே குளிர் கூடக் கூட இந்த ஆதாயம் குறையும். கடுங்குளிரில் காற்றைவிட ஆற்றுநீர் உகந்தது என்பது இதனால்தான்.

மின்சாரமே நிலக்கரியில் வந்தால் என்ன லாபம்? இது வலுவான ஆட்சேபம். அனல் மின்நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதை மூன்று மடங்காக்கினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம். நீர்மின்சாரம் மிகுந்த நார்வேயில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே திராம்மன் நகரில் கடல்நீரிலிருந்து இழுத்த வெப்பம் குழாய் வழியே கட்டடங்களுக்குப் போகிறது.