நூற்றைம்பது ரூபாய்த் தொப்பி

என் தலையில் கேசத்தை மறுபடியும் நடுவதற்கு நான் செலவிட்ட தொகை 1,10,000 ரூபாய். அப்படி நட்ட தலையை ஊரார் கண்ணிலிருந்து மறைப்பதற்காகத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய தொப்பியின் விலை 150 ரூபாய். முதற் செலவைப் பற்றி ஆறு மாதம் ஆலோசித்தேன். மூன்று வைத்தியசாலைகளின் படியேறி இறங்கினேன். மனைவியோடு இரண்டு முறையும் மனசாட்சியோடு பல முறையும் வாதாடினேன். இரண்டாவது செலவைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அந்த யோசியாமையின் பலன் என் இடது நெற்றிக்கு மேலே, கட்டைவிரல் நகத்தின் அளவில், இன்றைக்கும் வெயிலில் பளபளத்துக்கொண்டிருக்கிறது.

சிகிச்சையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிடரியிலிருந்து மயிர்க்கால்களை, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் முனையால் ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்து, முன்தலையில் கீறிய நுண்ணிய துளைகளில் செருகுகிறார்கள். பிடரி முடி எங்கே குடியேறினாலும் உதிராத தன் ஸ்வபாவத்தை விடாது என்பதை நியூயார்க் வைத்தியர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இலேயே எழுதிவிட்டார். இந்த வித்தை முழுவதும் அந்த ஒரு பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது. செருகப்படும் ஒவ்வொன்றுக்கும் கிராஃப்ட் என்று பெயர். ஒன்றில் ஒரு முடியும் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். எனக்கு 2,200 கிராஃப்ட். ஒன்றுக்கு 50 ரூபாய். மரத்துப்போகும் ஊசி போடும்போது வலித்தது, பிறகு வலிக்கவில்லை, காலையில் படுத்தவன் மாலையில் எழுந்தேன். அவ்வளவுதான்.

இனி, வழுக்கையோடு கௌரவமாக வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, உனக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்படிக் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட வழுக்கையில்லை. பொய்முடி வைத்துக்கொள்ளலாமே என்று சொன்ன என் மைத்துனர், மே மாதத்துச் சென்னையில் பொய்முடியோடு ஒரு மணி நேரம் மாநகரப் பேருந்தில் நின்றுவிட்டு வந்து அதன் பிறகு உபதேசம் செய்யட்டும்.

சிகிச்சை முடிந்து கிளம்புகையில், பின்புறம் நாடாவால் முடிச்சிட்டுக்கொள்ளும் தொளதொளப்பான துணிக் குல்லாய் ஒன்றைக் கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன்; கல்யாண வீட்டில் ஜாங்கிரி பிழிகிறவரைப்போல் இருந்தேன். அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஆலோசகர் என்ற பெயரில் அங்கே வீற்றிருந்த இளைஞரிடம், வேறு தொப்பி அணியலாமா என்று வினவினேன். "லூஸா ஏதாவது ஒரு கேப் போட்டுக்கங்க சார், நாலு நாள்ல நீங்க நார்மல்" என்றார். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் சலுகை உண்டு என்று என்னை அவசரப்படுத்திய அதே வாய்தான் இதையும் சொல்லிற்று. லூஸ் என்பது எவ்வளவு லூஸ் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் கும்பகோணத்தில் என் சித்தப்பா மகளின் விவாகம் இருந்தபடியால், அந்த "நாலு நாள்" என்ற சொல் என் செவியில் தேனாகப் பாய்ந்து மற்றக் கேள்விகளையெல்லாம் அடைத்துவிட்டது.

நான் வாங்கியது கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் அணிவது போன்ற தொப்பி. பின்பக்கம் திறப்பில்லை; எலாஸ்டிக் பட்டை; தலையில் வைத்து முன்னும் பின்னும் இழுத்துத்தான் இறக்க வேண்டும். அதன் உட்புறத்தில் வியர்வையை உறிஞ்சுவதற்காகத் தடித்த துணிப்பட்டை ஒன்றைச் சுற்றித் தைத்திருப்பார்கள். அந்தப் பட்டை எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று பார்த்தால், வைத்தியர் அரும்பாடுபட்டு வரைந்த புதிய நெற்றிக்கோட்டின் மேலேயே உட்காருகிறது. இதை அறிய வைத்திய சாஸ்திரம் வேண்டியதில்லை, கண்ணாடி போதும். ஆனால் கண்ணாடியில் நான் பார்த்தது அழகாக இருக்கிறதா என்பதை மட்டுமே.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கிற்று. தலையில் ஏற்றிய மருந்து நீர் கீழே இறங்குவதால் இப்படி வீங்குவது சகஜம். இரண்டொரு நாளில் கண்ணிமை வரையில் வந்து தானே வடிந்துவிடும். சகஜமல்லாதது என்னவென்றால், முதல் நாள் தளர்வாக இருந்த தொப்பி மூன்றாம் நாள் இறுகிவிட்டது என்பதை நான் உணராமல், அதே தொப்பியோடு எழும்பூரில் இரவு ரயில் ஏறியதுதான். ஆகையால் தொப்பிக்கு அளவெடுக்கிறவர்கள் தங்கள் தலைக்கு அளவெடுக்கக் கூடாது. வீங்கப்போகிற தலைக்கு அளவெடுக்க வேண்டும். அரை மணிக்கொரு தடவை தலையில் தெளித்துக்கொள்ளும்படி உப்புநீர்க் குப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த குடும்பத்தின் முன்னிலையில் தொப்பியைக் கழற்ற மானம் இடங்கொடாமையால், அந்தக் குப்பி பையிலேயே கிடந்தது. இரவெல்லாம் வியர்வையும் காயத்து நீரும் ஊறி ஊறிக் காய்ந்து, பொருக்கும் தொப்பித் துணியும் ஒரே வஸ்துவாகிவிட்டன.

விடியற்காலை முகூர்த்தம். அட்சதை போடுவதற்காக மணவறையை நெருங்கிய கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்குப் பின்னால் என் பெரியப்பா நின்றார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்குவது அவருக்கு முப்பது வருஷத்து அப்பியாசம். "என்னடா இது, மணவறைக்கு முன்னால தொப்பி! எடுடா அதை!" என்றார். "பெரியப்பா, வேண்டாம், கையை எடுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், என் நெற்றியில் எறும்புக் கூட்டம் ஒன்று ஒரே சமயத்தில் கடித்தாற்போன்ற ஓர் உணர்ச்சி, கெட்டிமேளம், தொப்பி அவர் கையில் இருந்தது. மங்கல வேளையில் ரத்தம் சிந்துகிறவனைக் கண்டு நாலைந்து பெண்கள் விலகி நின்றார்கள். போட்டோக்காரர் விலகவில்லை.

மகாகவி பாரதியார் முண்டாசோடு காட்சி தருகிறார், எம்.ஜி.ஆர். வெள்ளைத் தொப்பியோடு கல்யாண மண்டபங்களுக்குப் போயிருக்கிறார். அவர்களிடம் யாராவது எடு என்று சொன்னதுண்டா என்று பெரியப்பாவை நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி எனக்குத் திரும்பி வரும் ரயிலில்தான் தோன்றிற்று.

தொப்பியின் உட்புறத்தில் பொருக்கோடு பொருக்காக ஒட்டிக்கொண்டு வந்தவை சுமார் ஐம்பது கிராஃப்ட் என்று வைத்தியர் பிறகு கணக்கிட்டார். ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் 2,500 ரூபாய். கணக்கு இலாகாவில் வேலை செய்கிறவனுக்கு இந்தப் பெருக்கல் தூக்கத்திலும் வருகிறது. காய்ந்துபோன கிராஃப்டை மறுபடி நட முடியாது. பிடுங்கிய இடத்தில் சுத்தமான மெல்லிய துணியை மிருதுவாக அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவது ஒன்றே அந்த நேரத்தில் செய்யத்தக்கது. நான் என் வேஷ்டி நுனியால் செய்தது அதிருஷ்டவசமாகச் சரியாகவே இருந்ததாம்.

நான்கு நாள் என்ற அந்த ஆலோசகரின் சாஸ்திரத்தைப் பின்னால் ஆராய்ந்து பார்த்தேன். பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் 2006-ஆம் வருஷத்தில் இதே விஷயத்தைப் பரீட்சித்து எழுதியிருக்கிறார்கள். நட்ட முடியைப் பற்றி இழுத்தால் முதல் இரண்டு நாளில் கிராஃப்ட் தவறாமல் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் முடியை இழுக்காமல் பொருக்கைப் பற்றி இழுத்தாலோ, ஐந்தாம் நாள் வரையில் அது தவறாமல் வருகிறது. ஒன்பதாம் நாளுக்குமேல் அபாயமில்லை. என் பெரியப்பா இழுத்தது நான்காம் நாள். அவர் இழுத்தது முடியையல்ல, பொருக்கை. ஐந்து நாள் கழித்து நடந்திருக்க வேண்டிய கல்யாணத்துக்கு வேறு முகூர்த்தம் கிடைக்காமற்போனது யாருடைய ஜாதக தோஷமோ தெரியவில்லை.

இனி உங்களுக்குச் சொல்லுகிறேன். உங்களுக்கும் ஒரு பெரியப்பா இருப்பார். உங்கள் சிகிச்சைக்கும் அடுத்த வாரத்திலேயே ஒரு கல்யாணம் வரும். முதல் ஒரு வாரம் தலையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வீட்டில் இருங்கள். வெளியே போய்த்தான் தீரவேண்டுமென்றால், மிகச் சிறந்த தலையணி எதுவென்றால் குடைதான். நம் பாட்டனார்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்த அந்தக் கறுப்புக் குடை தலையைத் தொடுவதில்லை, வெயிலைத் தடுக்கிறது, சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் எதிரே வருகிற அறிமுகஸ்தர்களையும் தடுக்கிறது. அதைப் பெரியப்பாக்கள் பிடுங்குவதும் இல்லை.

தொப்பியே வேண்டுமென்பவர்கள், சுற்றிலும் விளிம்பு தொங்குகிற பருத்தித் தொப்பியை, வழக்கமான அளவுக்கு இரண்டளவு பெரிதாக வாங்குங்கள். அதன் வளையம் புதிய நெற்றிக்கோட்டுக்குக் கீழே, புருவத்தை ஒட்டினாற்போல் இறங்கி உட்கார வேண்டும். உச்சித் துணிக்கும் தலைக்கும் இடையே இரண்டு விரற்கடை காற்று இருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து நேர்மேலிருந்து இறக்கி, நேர்மேலே தூக்குங்கள். இழுக்கிற பேச்சே கூடாது. நாடாக் குல்லாயை ஏளனம் செய்யாதீர்கள். ஜாங்கிரி பிழிகிறவருடைய தலையில் முடி இருக்கிறது.

சிலர் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். என் தகப்பனார் அப்படித்தான் சொல்லித் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தத் துண்டின் மேலே நெருக்கமாக நிற்கும் நூல் வளையங்கள் ஒவ்வொன்றும் பொருக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு தூண்டில். தலையணையின் மேலும் அதை விரிக்கக் கூடாது. பலமுறை துவைத்துத் தேய்ந்த மல் வேஷ்டித் துணியே தலையணைக்கு உத்தமம். என் மாமியார் அன்போடு அனுப்பிவைத்த குரங்குக் குல்லாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை; அது மார்கழி மாதத்துக்கும் மற்றவர்களுடைய தலைக்கும் உரியது.

ஹெல்மெட் விஷயத்தில் உங்களுக்கு நேரப்போகும் இக்கட்டு எனக்குத் தெரியும், ஏனென்றால் நீங்களும் இரு சக்கர வண்டியில்தான் அலுவலகம் போகிறீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கே தலைக்கவசம் கண்டிப்பாயிற்று; 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களிக்கிறது, முடி நட்டுக்கொண்டவருக்கு அளிக்கவில்லை. வைத்தியரின் சீட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று என் சக ஊழியர் ஒருவர் சொன்னார். நான் அந்தப் பரீட்சையில் இறங்கவில்லை. காதையும் கன்னத்தையும் நெருக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் கவசத்தைக் காட்டிலும் பெரிய பெரியப்பா உலகத்தில் இல்லை. வண்டியைக் கோணி போட்டு மூடிவிட்டு மூன்று வாரம் பேருந்தில் போனேன். நீங்களும் போங்கள்.

சிகிச்சைக்காக மழித்திருந்த தலையோடு அலுவலகத்தில் என்னைக் கண்டவர்கள், திருப்பதிக்குப் போய் வந்தீர்களா என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல மனமில்லாமல் ஆமென்று தலையை அசைத்தேன். உடனே லட்டு எங்கே என்றார்கள். மறுநாள் தெருமுனைக் கடையில் லட்டு வாங்கி, தேவஸ்தானத்து லட்டைப் போல் பெரிதாக இல்லாதபடியால் உடைத்துத் தூளாக்கி, பிரசாதமென்று விநியோகித்த பாவம் என்னைச் சேர்ந்தது. மொட்டைக்குப் பூசுவதுபோல் சந்தனம் பூசிக்கொள்ளும்படி ஒருவர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. புண்ணின் மேல் அதைப் பூசியிருந்தால், காய்ந்த பிறகு எடுப்பதற்குப் பெரியப்பாவைத்தான் மறுபடி வரவழைக்க வேண்டியிருக்கும்.

பத்து நாளுக்குப் பிறகு பொருக்கு கழுவுகையில் தானே போய்விடும். அப்புறம் எந்தத் தொப்பியும் ஆகும். தலை சிவந்திருக்கும் மாதங்களில் வெயிலுக்காக அது அவசியமுங்கூட. ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தொப்பியைக் கழற்றியபோது, உள்ளே முடி முடியாக உதிர்ந்து கிடக்கக் கண்டு, கல்யாணத்துக்குப் பின் வாங்கியிருந்த விளிம்புத் தொப்பியையும் வீதியில் எறிந்துவிட்டேன். அது தொப்பியின் குற்றமன்று. நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் உதிர்ந்து, வேர் உள்ளேயிருந்து மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைப்பது இயற்கையாம். இதையும் அந்த ஆலோசகர் சொல்லவில்லை. தொப்பிக்கு இன்னொரு 220 ரூபாய்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாரினால் அந்த நகத்தளவு இடம் மறைகிறது, காற்றடித்தால் தெரிகிறது. போன தை மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணப் போட்டோக்களில் ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். தாலி கட்டுகிற படமென்று அதற்குப் பெயர், அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் முகம் பாதிதான் தெரிகிறது, நடுவில் பெரியப்பா, ஜயசீலராக, கையை உயர்த்தி என் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.