பால்மரத்து நாற்காலிக்குப் புதுப்பொலிவு

கால் ஆடாத, முதுகு உடையாத நாற்காலிகள் நிறம் மங்கிய ஒரே காரணத்தால் பல வீடுகளிலிருந்து வெளியேற்றப்படுகின்றன. அவற்றின் இடத்தில் தவணைக் கடனுக்குப் புதியவை வந்து சேர்கின்றன. மரம் உறுதியாக இருக்க, மேற்பூச்சு மட்டுமே கெட்டிருக்குமானால் இச்செலவு வீண்செலவாகும். ஓய்வு நேரத்தில் அந்நாற்காலியை நாமே புதுப்பித்துக்கொள்ளும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

விறகாக இருந்த மரம்

1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் மரம், பாலுக்காகவே நம் நாட்டில் பரவியது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டப்படும் மரம் நெடுங்காலம் விறகாகவே பயன்பட்டது. ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டி உலர்த்தும் கூடங்களிலும் செங்கற்சூளைகளிலும் அது எரிந்து சாம்பலாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. இம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும்.

அறுத்த பலகையினுள் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் செலுத்தி, வெப்ப அறையில் உலர்த்தும் முறை கைக்கொள்ளப்பட்ட பின்னரே இது தளவாட மரமாக உயர்ந்தது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இம்மரத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளது. 1980களிலிருந்து ரப்பர் மரத் தளவாடங்களின் ஏற்றுமதி பெருகிற்று. நம் ஜொகூரின் மூவார் வட்டாரம் இத்தொழிலின் முதன்மை நிலையமாக விளங்குகிறது. நாம் பால் எடுத்த மரமே நாற்காலியாகிக் கடல் கடந்து செல்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாயமும் பெயிண்டும்

பெயிண்ட் என்பது மரத்தின் மேல் போர்த்திய போர்வை. ‘ஸ்டெயின்’ எனப்படும் மரச்சாயமோ துணியில் ஊறிய மஞ்சளைப் போன்றது. மரத்தினுள் இறங்கி, அதன் வரிகளை மறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றும். ரப்பர் மரம் வெளிர் நிறமுடையது. சாயத்தை நன்கு ஏற்கும். ஆயினும், பழைய வார்னிஷ் ஒரு நகமளவு எஞ்சியிருந்தாலும் அவ்விடத்தில் சாயம் இறங்காது, திட்டாகத் தெரியும். ஆகையால் வேலையில் பெரும்பகுதி பழைய பூச்சை அகற்றுவதே ஆகும்.

செய்முறை

முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்புறத்தையும் ஓரங்களையும் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டப்பட்டிருந்தால், அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தகடு தேய்ந்து அடிப்பலகை வெளிப்பட்டுவிடும். கட்டை மரமாயின் அச்சமில்லை. ஆடும் மூட்டுகளைப் பசையிட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுக. பசை பட்ட இடத்திலும் சாயம் ஏறாது.

அடுத்து, பூச்சு நீக்கும் மருந்தைத் தடவி, மழுங்கிய தகட்டால் சுரண்டி எடுக்கவும். நன்கு உலர்ந்தபின் 120ஆம் எண் மணல்தாளால் தொடங்கி, 180ஆம் எண் தாளால் முடிக்கவும். மரவரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது கண்ணுக்குப் புலப்படமாட்டா. சாயம் பட்டதும் கறுத்த கோடுகளாக எழும்.

தூசியை முற்றிலும் துடைத்தபின், கண்ணில் படாத அடிப்பகுதியில் சாயத்தைச் சிறிது தடவி நிறத்தைச் சோதியுங்கள். மனத்திற்கு ஒத்திருந்தால், துணியில் தோய்த்துப் பகுதி பகுதியாகத் தடவி, சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்தெடுங்கள். தகரத்தில் குறித்துள்ள நேரத்தைக் கடக்கவிடாதீர்கள். பலகையின் வெட்டுமுனைகள் சாயத்தை அதிகம் உறிஞ்சும். அங்கே விரைவாகத் துடைக்க வேண்டும்.

சாயம் நிறம் தருமே தவிரக் காப்பளிக்காது. ஓரிரவு காய்ந்தபின் வார்னிஷை மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்தபின் 320ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்த பின்னரே அடுத்த பூச்சைத் தொடங்குக. ஆண்டிறுதி மழைக்காலத்தில் காய்வதற்குக் கூடுதல் நாள் ஆகும், பொறுத்திருப்பதே நன்று. ரப்பர் மரம் ஈரம் தாங்காது. புதுப்பித்த நாற்காலியை மழைச்சாரல் படும் இடத்தில் வைக்கலாகாது.

காவாமற் செய்யற்க

பழைய பெயிண்டுகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஐயமிருப்பின் அப்பொருளைத் தேய்க்காமல் விட்டுவிடுவதே அறிவுடைமை. மருந்து, சாயம், தின்னர் ஆகியவற்றை வீட்டினுள்ளோ அடுப்பருகிலோ கையாளாமல், காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், கையுறையணிந்து பயன்படுத்துங்கள். வேலை செய்யும்போது புகைபிடித்தல் கூடாது.

மற்றோர் எச்சரிக்கை மிக முக்கியமானது. எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால், அது காயும்போது உள்ளுக்குள் சூடேறி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒரு கந்தல் துணி பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிடக்கூடும். அத்துணியைத் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். அல்லது வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள்.

உங்கள் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு பூச்சு வேலையின் ஒழுங்கை விளக்குங்கள். மருந்தையும் மணல்தாளையும் மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு சிறு முக்காலியில் பழகி, பின்னர் நாற்காலிக்கும் மேசைக்கும் செல்வோமாக. அடுத்த தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், வீட்டிலுள்ள மரத்தை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்போம்.