ஏழு நாளில் ஒரு சாய்தளம்

சுவரிதழில் "சேவை" என்று தலைப்பு கொடுத்தாலே நாம் எல்லோரும் அன்னை தெரசாவைப் பற்றித்தான் எழுதுவோம். இந்தத் தடவை நான் வேறு ஒன்று எழுதுகிறேன். ஆணி, சுத்தியல், கொஞ்சம் கணக்கு எல்லாம் வரும். ஓடிவிடாதீர்கள்!

என் பெரியம்மா மகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். கோடை விடுமுறையில் ஒரு வாரம் பக்கத்து மாநிலமான மேற்கு விர்ஜீனியாவுக்குச் சேவைக்குப் போனார். "ஏழைங்க வீட்டை ரிப்பேர் பண்ணப் போனோம்டா" என்று போனில் சொன்னார். "அமெரிக்காவுல ஏதுக்கா ஏழைங்க?" என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "போய் அப்பலாச்சியான்னு தேடிப் படி" என்றார். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்பலாச்சியா என்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் உள்ள மலைப்பகுதி. நிலக்கரி நிறைய. ஆனால் நிலத்துக்கு அடியில் இருந்த கரிக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வெளியூர்க் கம்பெனிகள். கரி ரயிலேறிப் போனது, லாபமும் கூடவே போனது. அப்புறம் சுரங்கத்துக்குள் பெரிய எந்திரங்கள் வந்தன, ஆள் வேலை குறைந்தது. மேற்கு விர்ஜீனியாவில் மெக்டவல் என்று ஒரு மாவட்டம். 1950-ல் அங்கே கிட்டத்தட்ட 99,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 19,000 பேர்தான்! அமெரிக்க அரசு உணவுக் கூப்பன் திட்டத்தை 1961 மே மாதம் சோதனை முறையில் மறுபடி தொடங்கியபோது, முதல் கூப்பனை வாங்கியது இந்த மாவட்டத்துக் குடும்பம்தான். நம்ம ரேஷன் கார்டு ஞாபகம் வருகிறதா?

கத்தோலிக்கர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? இந்த மலைகளில் கத்தோலிக்கர் மிகக் குறைவு. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையார்தான் அதிகம். 1939-ல் வில்லியம் ஹோவர்ட் பிஷப் என்ற குருவானவர், பாதிரியாரே இல்லாத கிராமப்புறங்களுக்காக க்ளென்மேரி சபையைத் தொடங்கினார். (பிஷப் என்பது அவர் குடும்பப் பெயர். அவர் ஆயர் இல்லை!) 1975-ல் அந்தப் பகுதியின் 25 ஆயர்கள் சேர்ந்து அப்பலாச்சிய மக்களின் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார்கள். அதைக் கவிதை மாதிரி வரிகளை மடக்கி மடக்கி எழுதியிருக்கிறார்கள். 1979-ல் மேற்கு விர்ஜீனியாவில் நாசரேத் பண்ணை தொடங்கியது. ஜெபம், எளிமை, கூட்டு வாழ்வு, சேவை என்ற நான்கும்தான் அதற்குத் தூண்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வாரம் வந்து தங்கி வேலை செய்துவிட்டுப் போவார்கள். அங்கே தண்ணீரை மிச்சம் பிடிக்க வாளியில்தான் குளியல். அக்கா போன முகாமும் அதே மாதிரிதான். "ஷவர் இல்லடா" என்று அதைப் பெரிய தியாகம் போலச் சொன்னார். எங்கள் வீட்டில் தினமும் வாளிதான், நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இனிதான் முக்கியமான இடம். அங்கே ஏழைகள் பலருக்கு வீடு என்பது ட்ரெய்லர். தொழிற்சாலையில் செய்து, சக்கரம் மாட்டி இழுத்து வந்து, மலைச்சரிவில் கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்துவிடுவார்கள். பழைய ட்ரெய்லர்களில் தரைக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பலகை போட்டிருப்பார்கள். கூரை ஒழுகினால் அந்தப் பலகை பிஸ்கட் டீயில் ஊறின மாதிரி உப்பி, கடைசியில் கால் உள்ளே போய்விடும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். அதனால் தொண்டர்களுக்குக் கூரை, தரை, குழாய், வாசற்படி என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அக்காவின் குழுவுக்குக் கிடைத்தது ஒரு பாட்டி வீடு. பாட்டி சக்கர நாற்காலியில் இருப்பவர். வாசலில் நான்கு படி. நான்கு வருஷமாக, யாராவது இரண்டு பேர் தூக்கினால்தான் அவரால் வெளியே வர முடிந்தது. அதற்குச் சாய்தளம் கட்ட வேண்டும். கணக்கு இதுதான்: ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறுவது கஷ்டம், நாற்காலி பின்னால் உருளும் ஆபத்தும் அதிகம். பாட்டி வீட்டு வாசல் உயரம் 32 அங்குலம். 32 × 12 = 384 அங்குலம், அதாவது 32 அடி! 30 அங்குலத்துக்கு மேல் ஏறினால் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு சமதளமும் வேண்டும். நான் சும்மா இருக்காமல் நம்ம நூலகப் படியை ஸ்கேலால் அளந்தேன். மூன்று படி, 19 அங்குலம். 19 அடி சாய்தளம் வேண்டும். கணக்கு சார் சரிபார்க்கலாம்.

முதல் இரண்டு நாள் குழி தோண்டியதிலேயே போய்விட்டது. பாதி மண், பாதி பாறை. 18 வயசு ஆகாததால் மின்ரம்பத்தைத் தொட விடவில்லை. ஆணிதான். "முதல் நாள் பத்து ஆணியில ஆறு வளைஞ்சிடுச்சு, பாட்டி ஜன்னல் வழியா எண்ணிக்கிட்டே இருந்தாங்க" என்றார் அக்கா. மத்தியானம் எல்லோரும் பாட்டியோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அது முகாமின் கண்டிப்பான விதி. வேலை நின்றாலும் பரவாயில்லை, பேச்சு நிற்கக் கூடாதாம். பாட்டி பெந்தெகொஸ்தே. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொன்னது அவர்தான்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "அவ்வளவு தூரம் போன வண்டிச் செலவை அப்படியே பணமா அனுப்பியிருந்தா ஒரு தச்சரே மூணு நாள்ல முடிச்சிருப்பாரே, அக்கா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "முடிச்சிருப்பார்தான்" என்றார். "ஆனா அந்தப் பணத்தை நாங்க அனுப்பியிருக்கவே மாட்டோம். அப்படி ஒரு பாட்டி இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியாதே." இது முழுப் பதில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கரி யாருடையது என்ற கேள்விக்குச் சுத்தியல் பதில் சொல்லாது. ஆனால் வருஷம் முழுவதும் அங்கேயே தங்கி, எந்த வீடு ஒழுகுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிற ஆட்களும் முகாமில் இருக்கிறார்கள். வாரா வாரம் கைகள்தான் மாறுகின்றன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 24 அடிதான் முடிந்திருந்தது. மீதி 8 அடியும் கைப்பிடியும் பாக்கி. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். "நாலு வருஷம் இருந்துட்டேன், திங்கட்கிழமை வரைக்கும் இருக்க மாட்டேனா?" என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டு சோள ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாராம்.

திங்கட்கிழமை வேறு ஒரு பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கடைசிப் பலகையை அடித்தது யார் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.