துணைக் குத்தகையாளரும் 6 விழுக்காடு சேவை வரியும்

சேவை வரி என்றதும் உணவக ரசீதின் அடியில் வரும் சிறு தொகைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிறவருக்கும் ஒயரிங் இழுக்கிறவருக்கும் அதனோடு சம்பந்தம் இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை முதல் நாளிலிருந்து அந்த நிலை மாறிவிட்டது. அன்று முதல் மலேசியாவில் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்படுகிறது.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் சிறு குத்தகையாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட பிறகு, பக்கத்துப் பத்து காவானில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் அங்கே துணைக் குத்தகை எடுத்து வேலை செய்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பெரிய குத்தகையாளர்தான் வரி கட்டுறாரே தம்பி, நான் வேற எதுக்குக் கட்டணும்?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை வைத்துக்கொண்டு இந்தியாவில் பல ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார்கள். அங்கே வணிகக் கட்டடப் பணி 2004 செப்டம்பர் 10 முதல் சேவை வரிக்குள் வந்தது. குடியிருப்புத் தொகுதிகள் 2005 ஜூனில் சேர்ந்தன. அதற்கு முன்பே வரிக்குள் வந்திருந்த சில சேவைகளில், முதன்மையானவர் வரி கட்டினால் துணையானவர் கட்ட வேண்டியதில்லை என்று வரித்துறையே விளக்கம் கொடுத்திருந்தது. 2007 ஆகஸ்ட் 23ஆம் நாள் வெளியான 96/7/2007 எண்ணுள்ள சுற்றறிக்கை அதை மாற்றியது. துணைக் குத்தகையாளர் செய்வதும் தனியொரு சேவை; முதன்மைக் குத்தகையாளர் அதைத் தம் வேலைக்குள் சேர்த்துக்கொள்கிறார் என்பதற்காக வரி நீங்கிவிடாது என்பது அதன் சாரம். தீர்ப்பாயங்கள் இரு விதமாகவும் தீர்ப்பளித்தன. கடைசியில் 2019 மே மாதம் மெலாஞ்ச் டெவலப்பர்ஸ் வழக்கில், முதன்மையானவர் முழுத் தொகைக்கும் வரி கட்டியிருந்தாலும் துணையானவரும் கட்டியாக வேண்டும் என்று டில்லித் தீர்ப்பாயத்தின் விரிவு அமர்வு முடிவு சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் சேவை வரியே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.க்குள் கரைந்துவிட்டது. பழைய பாக்கிக் கடிதங்கள் மட்டும் கரையவில்லை.

அந்த முடிவு கடுமையாகத் தோன்றினாலும் அதற்கு ஒரு மாற்று மருந்து இருந்தது. 2007இல் வரி 12.36 விழுக்காடு. துணையானவர் 10 இலட்சம் ரூபாய்க்குப் பில் போட்டால் அதன்மேல் வரி 1,23,600 ரூபாய். முதன்மையானவர் அதைக் கொடுத்துவிட்டு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே வரி இருமுறை வசூலானாலும் சுமை இருமுறை விழ வேண்டியதில்லை.

நம் நாட்டில் அந்தக் கழிவு கிடையாது. 2015 ஏப்ரலில் வந்த ஜி.எஸ்.டி.யில் இருந்தது, 2018 செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியபோது போய்விட்டது. அதனால் கட்டுமானத்துக்கு வேறொரு வழி வைத்தார்கள். முதன்மையானவரும் துணையானவரும் கட்டுமானச் சேவைக்காகச் சுங்கத் துறையில் பதிவு பெற்றவர்களாக இருந்து, வாங்கிய சேவை அதே வகைச் சேவையைக் கொடுக்கவே பயன்பட்டால், துணையானவர் தம் பில்லில் வரி போட வேண்டியதில்லை. கடைசியில் தொழிற்சாலை உரிமையாளருக்குப் போகும் பில்லில்தான் வரி ஏறும்.

ஆகவே அந்த அண்ணனுக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "அண்ணே, அவரோட பதிவு எண் உங்ககிட்ட இருக்கா?"

பதிவு எப்போது கட்டாயம்? 12 மாதங்களில் வரிக்குரிய சேவையின் மதிப்பு 15 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால். கடந்த 11 மாதங்களோடு நடப்பு மாதத்தைக் கூட்டிப் பார்ப்பது ஒரு கணக்கு. நடப்பு மாதத்தோடு வரப்போகும் 11 மாதங்களைக் கூட்டுவது இன்னொன்று. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாதமே எல்லை தாண்டிவிடலாம். தாண்டிய மாதத்திற்கு அடுத்த மாத இறுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமான் வீடுகள் போன்ற குடியிருப்புக் கட்டடப் பணி இந்த வரிக்குள் வராது. எனவே வீட்டு வேலையையும் தொழிற்சாலை வேலையையும் ஒரே நோட்டில் எழுதுகிறவர்கள் முதலில் இரண்டையும் பிரித்து எழுதட்டும்.

இடறுவது எங்கே என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு மின்பணித் துணைக் குத்தகையாளருக்குப் பல தளங்களில் ஆண்டுக்கு 20 இலட்சம் ரிங்கிட் வேலை, பதிவு பெற்றவர். அவருக்கு 3 இலட்சம் ரிங்கிட் கிடங்கு வேலை ஒன்றைக் கொடுப்பவர் ஆண்டுக்கு 12 இலட்சம் மட்டுமே பார்க்கும் சிறு குத்தகையாளர். பதிவு இல்லை, தேவையும் இல்லை. இங்கே விலக்குச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மின்பணியாளர் 18,000 ரிங்கிட் வரி போட்டாக வேண்டும். கொடுப்பவர் அதை எங்கும் கழிக்க முடியாது. விலை பேசும்போதே 'சேவை வரி தனி' என்று எழுதியிருந்தால் அந்தச் சுமை கொடுப்பவருடையது. மொத்தம் 3 இலட்சம், அவ்வளவுதான் என்று பேசி முடித்திருந்தால், அதற்குள்ளேயே 16,981 ரிங்கிட் வரியாகிவிடும். நூற்றுக்கு ஐந்து ஆறு மிஞ்சும் வேலையில் இலாபம் முழுவதும் அதுதான்.

பணம் கைக்கு வராவிட்டால்? சேவை வரி பொதுவாகப் பணம் கிடைத்த பிறகே கட்ட வேண்டியது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பில் தேதியிலிருந்து 12 மாதங்கள் ஆகியும் பணம் வராவிட்டால், மறுநாளே வரி கட்டும் கடமை வந்துவிடுகிறது. 'எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்' என்று இழுத்தடிக்கும் நம் துறையில் ஓராண்டு எப்படி ஓடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நிபந்தனை 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள கட்டுமானத் தொழில் கட்டணம், தீர்ப்பளிப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி செல்லாது. கையில் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் தீர்ப்பாளரிடம் போகலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சட்டத்தின் பெயரையே கேட்டதில்லை. சட்டமும் கணக்கியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இங்கே வேலை கிடக்கிறது.

கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை. அதற்கடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் முதல் 30 நாளில் 10 விழுக்காடு அபராதம், அடுத்த 30 நாளில் மேலும் 15, அதற்கடுத்த 30 நாளில் இன்னும் 15. கட்டாமல் விட்ட அந்த 18,000 மூன்று மாதங்களில் 25,200 ஆகிவிடும்.